கைப்பதிவேட்டிலிருந்து கோஹாவுக்கு: ஊர் நூலகத்தைக் கணினிக்கு மாற்றும் முழுமையான வழிகாட்டி

பத்தாயிரம், பதினைந்தாயிரம் நூல்கள் உள்ள ஊர் நூலகத்தைக் கோஹா போன்ற நூலக மென்பொருளை வைத்துக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறக்கட்டளை நூலகம், சங்கம் நடத்தும் படிப்பகம் போன்றவைதான் என் மனதில் இருப்பவை. அரசுக் கிளை நூலகமாக இருந்தால் மென்பொருளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, துறை சொல்வதுதான். ஆனாலும் இங்கே சொல்லும் முன்வேலைகள் எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

நன்கொடை வந்ததும் முதலில் கணினி வாங்குகிறார்கள். அப்புறம் மென்பொருள், அப்புறம் தட்டச்சு செய்ய ஆள். கடைசியில்தான் பதிவேட்டைத் திறந்து பார்க்கிறார்கள், அங்கேதான் வேலை நின்றுபோகிறது. ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் பதிவேடு, பிறகு விதிகள், பிறகு எண், அதன் பிறகே கணினி.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

பழைய அக்சஷன் ரிஜிஸ்டர்கள் (நூல் வந்த வரிசையில் எண் போட்டு எழுதும் பதிவேடுகள்) எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும். முதல் தொகுதி கிழிந்திருந்தாலும் சரி, அதையும் எடுத்து வையுங்கள். கைபேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிட்டால், பதிவேட்டை ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் காத்திருக்கும் நிலை வராது.

ஆட்கள் குறைந்தது இருவர். ஒருவர் நூலைப் பிரித்துப் படிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பிழை கூடும், அலுப்பும் கூடும். மூன்றாவதாக, சரிபார்க்க ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும்.

எவ்வளவு நாளாகும் என்பதற்கு என் கணக்கு இது: புதியவர்கள் நாளைக்கு 60 நூல் ஏற்றுவார்கள், பழகியபின் 100ஐத் தொடலாம். சராசரி 80 என்று வைத்தால் 12,000 நூலுக்கு 150 வேலை நாள். நிர்வாகக் குழுவிடம் 'இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம்' என்று சொல்லிவிடாதீர்கள்.

கருவிகளில் சர்வராக ஓர் சாதாரண மேசைக் கணினி (8 ஜிபி நினைவகம் தாராளம்), வழங்கும் மேசைக்கு ஒன்று, வாசகர் தேடலுக்கு ஒன்று, யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனர், லேசர் பிரிண்டர், யுபிஎஸ். இவற்றை 4ஆம் படி முடிந்தபின் வாங்கினால் போதும். முன்பே வாங்கி வைத்தால் உத்தரவாதக் காலம்தான் வீணாகும்.

2. அலமாரியையும் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள்

இல்லாத நூலைக் கணினியில் ஏற்றினால் வாசகர் தேடுவார், 'இருக்கிறது' என்று திரை சொல்லும், அலமாரியில் இருக்காது. மூன்று முறை அப்படி ஆனால் அவர் அந்தத் திரையை மறுபடி நம்ப மாட்டார். அதனால் தட்டச்சுக்கு முன்பே இருப்புச் சரிபார்ப்பு.

பதிவேட்டின் எண் வரிசையை ஒரு தாளில் 1 முதல் கடைசி வரை கட்டம் கட்டமாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். அலமாரி அலமாரியாகப் போய், கையில் எடுக்கும் ஒவ்வொரு நூலின் எண்ணையும் கட்டத்தில் அடியுங்கள். வெளியே போயிருக்கும் நூல்களை வழங்கல் அட்டையிலிருந்து வேறு நிறத்தில் குறியுங்கள். மீதி நிற்பவை காணாத நூல்கள்.

இந்த வேலையில் மூன்று விதமான சிக்கல் வரும். ஒரே எண் இரண்டு நூல்களுக்கு இருக்கும். எண்ணே போடாத நன்கொடை நூல்கள் மூட்டையாக இருக்கும். பதிவேட்டில் ஒரு தலைப்பும் நூலில் வேறு தலைப்பும் இருக்கும். முதல் வகையில் ஒன்றுக்குப் புது எண் கொடுத்து, பழைய வரியில் சிவப்பு மையில் குறிப்பு எழுதுங்கள். இரண்டாவது வகையைக் கடைசி எண்ணுக்குப் பின் வரிசையாகச் சேருங்கள். மூன்றாவதில் கையில் இருக்கும் நூல்தான் சரி, பதிவேட்டைத் திருத்துங்கள்.

கிழிந்த, செல்லரித்த நூல்களைக் கழிப்பதும் இப்போதுதான். ஆனால் நூலகரே தனியாக முடிவெடுத்துக் கழிக்கக் கூடாது. குழுத் தீர்மானம் போட்டு, பட்டியலில் கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் கழித்த தேதியை எழுதிய பிறகே நூல் வெளியே போகலாம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி இதற்கு நல்ல அளவுகோல். 20,000 நூல்களுக்கு மேற்படாத நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. ஆண்டில் வழங்கிய, பயன்படுத்திய ஆயிரம் நூல்களுக்கு 5 வரை இழப்பு என்றால் ஏற்கத்தக்கது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரணை. இந்த விதி மத்திய அரசு நிறுவனங்களுக்கானது. உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், குழுவில் வாக்குவாதம் வரும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

3. மென்பொருளை முடிவு செய்யுங்கள்

அதிகம் யோசிக்க வேண்டாம். அரசு சார்ந்த நூலகமென்றால் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா இருக்கிறது. தனியார் அறக்கட்டளை, சங்கம் என்றால் கோஹா. இரண்டுமே நூலகர்களுக்குப் பழக்கமானவை, ஆள் கிடைப்பார்கள். கோஹா திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவவும் பராமரிக்கவும் லினக்ஸ் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் மட்டும் கோஹாவுக்குப் போங்கள்.

உள்ளூர் இளைஞர் ஒருவர் 'நானே ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன்' என்று வருவார். அன்போடு மறுத்துவிடுங்கள். அவர் வேலை கிடைத்து வெளியூர் போனபின், உள்ளே இருக்கும் தரவை வெளியே எடுக்க வழி இருக்காது. மார்க் 21 வடிவத்தில் (நூல் விவரங்களுக்கு நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கணினி வடிவம்) தரவை ஏற்றுமதி செய்ய முடியுமா என்பதே எந்த மென்பொருளிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முடியுமென்றால் நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறலாம்.

இனி வருபவற்றில் கோஹாவை வைத்தே சொல்கிறேன்.

4. எழுத்து விதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

தமிழ் நூலகங்களில் கணினி வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் படியைச் செய்யாமல் விட்டதால்தான். இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்தால் கணினிக்கு அவை இரண்டு நூல்கள், இரண்டு ஆசிரியர்கள். கடைசியில் திருத்துவது புதிதாக ஏற்றுவதைவிடக் கடினம்.

முதல் விதி: யூனிகோடு மட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பழகியவர்கள் 'எனக்கு அந்தக் கீபோர்டுதான் வரும்' என்பார்கள். பரவாயில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றில் பழைய விசைப்பலகை அமைப்பை வைத்துக்கொண்டே யூனிகோடு எழுத்தை வரவழைக்கலாம். ஒருவர் தமிழ்99, இன்னொருவர் தட்டச்சு முறை என்று இருந்தாலும் கணினிக்குள் போவது ஒன்றுதான்.

இரண்டாவது: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள். 'ஔவையார்' என்பதில் முதலெழுத்து ஒரே எழுத்து. 'ஒளவையார்' என்று ஒ போட்டு ள சேர்த்தும் பலர் அடிக்கிறார்கள்; திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் ஒன்று அகப்பட்டால் மற்றது அகப்படாது. கௌதமன், கெளதமன் என்பதிலும் அதே கதை. ஸ்ரீ எழுத்தும் இரண்டு விதமாக உள்ளே பதிவாகும்: ஸ-வை வைத்து அடித்தது ஒன்று, ஶ-வை வைத்து அடித்தது ஒன்று. எது சரி என்று தாளில் எழுதி, வாரம் ஒரு முறை 'ஒள', 'கெள', 'மெள', 'பெள' என்று தேடிப் பார்த்துத் திருத்துங்கள். உண்மையான ள எழுத்தை மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும். 'ஒளி', 'மெள்ள', 'கெளுத்தி' எல்லாம் மொத்த மாற்றத்தில் நாசமாகிவிடும்.

மூன்றாவது: ஆசிரியர் பெயர். முன்னெழுத்து முன்னால் வந்தால் அகரவரிசை முழுக்க முன்னெழுத்துகளின் வரிசையாகிவிடும். அதனால் 'ராமசாமி, மு.' என்று பெயர், காற்புள்ளி, முன்னெழுத்து, புள்ளி. இடைவெளி எங்கே என்பதையும் எழுதுங்கள். புனைபெயரில் அறியப்பட்டவரைப் புனைபெயரிலேயே வையுங்கள். 'கல்கி' என்று தேடுபவர்தான் அதிகம், 'கிருஷ்ணமூர்த்தி, ரா.' என்று தேடுபவர் குறைவு. கோஹாவில் ஆசிரியர் பெயருக்கான ஆணைக்கோப்பு (ஒருவரின் பல பெயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டியல்) உண்டு. அதில் 100ஆம் புலத்தில் (மார்க் வடிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு, அதுதான் புலம்) முக்கியப் பெயர், 400இல் மற்றப் பெயர்கள். இரண்டாவது பெயரில் தேடினாலும் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நான்காவது: தலைப்பில் சொற்பிரிப்பு. நூலின் முகப்புப் பக்கத்தில் உள்ளபடியே 245ஆம் புலத்தில் அடியுங்கள். அட்டையைப் பார்த்து அடிக்க வேண்டாம். வடிவமைப்புக்காக அட்டையில் சொல்லைச் சேர்த்தும் பிரித்தும் போட்டிருப்பார்கள். 'தமிழ்நாட்டு', 'தமிழ் நாட்டு' என்று இரண்டு விதமாகவும் தேட வாய்ப்பிருந்தால், மற்ற வடிவத்தை 246இல் கூடுதல் தலைப்பாகச் சேருங்கள். ஆங்கிலத் தலைப்பு கொண்ட தமிழ் நூலுக்கும் இதே வழி.

ஐந்தாவது: பகுப்பு எண், அதாவது நூலைப் பொருள்வாரியாக அடுக்கும் எண். டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் 894.811. அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. ஏற்கெனவே கோலன் என்ற இன்னொரு பகுப்பு முறையில் முதுகில் எண் எழுதியிருந்தால் அதையே தொடருங்கள். கணினி வருகிறது என்பதற்காகப் பகுப்பு முறையை மாற்றப் புறப்படுவது வேண்டாத வேலை. இரண்டு பெரிய வேலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இந்தத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மேசைக்கு மேலே ஒட்டுங்கள். புதுச் சிக்கல் வந்தால் அதில் ஒரு வரி சேருங்கள்.

5. எண்ணும் பார்கோடும்

பார்கோடு எண்ணாக அக்சஷன் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சுழியம் சேர்த்து ஆறு இலக்கமாக்கினால் போதும்: 347 என்பது 000347. பதிவேடு, நூல், திரை மூன்றிலும் ஒரே எண் என்றால் மின்சாரம் இல்லாத நாளிலும் கையால் எழுதி வேலையை ஓட்டலாம். கிளைகள் இருந்தால் மட்டும் முன்னால் கிளைக்கு ஓர் எழுத்து.

நூலின் பின்னட்டையில் அச்சாகி வரும் ஐஎஸ்பிஎன் பார்கோடையே பயன்படுத்தலாமே என்று எல்லோரும் ஒரு முறை கேட்பார்கள். முடியாது. அது பதிப்புக்கான எண். உங்களிடம் அந்த நூல் ஐந்து பிரதி இருந்தால் ஐந்துக்கும் ஒரே எண்தான் இருக்கும். எந்தப் பிரதி யாரிடம் போனது என்று தெரியாது. பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது என்பது வேறு.

லேபிளை லேசர் பிரிண்டரில் ஏ4 ஒட்டுத்தாளில் அச்சிடுங்கள். கடைகளில் பில் போடும் வகை வெப்பத் தாளில் அச்சிட்டால் நம் ஊர் வெயிலில் மங்கிவிடும். லேபிளில் பார்கோடும் எண்ணும் போதும். தலைப்பு, நூலகப் பெயர் எல்லாம் திணித்தால் கோடுகள் சுருங்கி ஸ்கேனர் திணறும்.

எங்கே ஒட்டுவது? அட்டையில் ஒட்டினால் மறுபைண்டிங் ஆகும்போது அட்டையோடு போய்விடும். முகப்புப் பக்கத்தின் பின்புறம், முத்திரை இருக்கும் இடத்துக்கு அருகில் ஒன்று ஒட்டுங்கள். ரகசியப் பக்கத்தில் (நூலகத்தார் மட்டும் அறிந்த, எல்லா நூலிலும் ஒரே எண்ணுள்ள உள்பக்கம்) எண்ணைக் கையால் எழுதும் வழக்கம் இருந்தால் அதை விடாதீர்கள், லேபிளைக் கிழித்தவனுக்கு அது தெரியாது.

ஒட்டுவதை நூலை ஏற்றும் அதே நேரத்தில் செய்யுங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு அப்புறம் ஏற்றலாம் என்று போனால், 4512க்கான லேபிள் 4521இல் உட்கார்ந்திருப்பது மாதக்கணக்கில் தெரியாது.

6. கோஹாவை நிறுவியதும்

நிறுவும் வேலையை லினக்ஸ் தெரிந்தவரிடம் விடுங்கள். டெபியன் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு போதும். நூலகத்துக்குள் லேன் (உள் வலையமைப்பு) வழியாக ஓடினால், இணையம் போனாலும் வழங்கல் நிற்காது.

அவரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று: தேடல் அட்டவணை ஐசியு (யூனிகோடு சொற்களைப் பிரித்தறியும் அமைப்பு) முறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்ச் சொற்கள் சரியாகப் பிரிபடாமல், ஏற்றிய நூல் தேடலில் வராது. மாற்றிய பிறகு முழு அட்டவணையையும் மறுபடி உருவாக்க வேண்டும். பத்து நூல்களை ஏற்றித் தேடிப் பார்த்துவிட்டே மேலே போங்கள். ஐயாயிரம் ஏற்றியபின் கண்டுபிடித்தாலும் சரிசெய்யலாம்தான், ஆனால் அதுவரை 'கணினி தமிழுக்கு ஆகாது' என்ற பேச்சு கிளம்பியிருக்கும்.

பிறகு இந்த வரிசையில் அமைப்புகள்: நூலகத்தின் பெயர், நூல் வகைகள் (வழங்கும் நூல், பார்வை நூல், சிறுவர் நூல், இதழ்), உறுப்பினர் வகைகள், வழங்கல் விதிகள், விடுமுறை நாட்காட்டி. வரிசை முக்கியம். நூல் வகையும் உறுப்பினர் வகையும் இல்லாமல் வழங்கல் விதி எழுத முடியாது. விதி இல்லாமல் கோஹா நூலை வழங்காது. 'எல்லாம் சரியாக இருக்கிறது, வழங்க மட்டும் மறுக்கிறது' என்ற புகாருக்கு பெரும்பாலும் காரணம் இதுதான். நாட்காட்டியில் வார விடுமுறையைக் குறிக்காவிட்டால் திருப்பும் தேதி பூட்டிய நாளில் விழும்.

நூல் வகைகளை அளவோடு வையுங்கள். நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு என்று முப்பது வகை உருவாக்குபவர்கள் உண்டு. அது பகுப்பு எண்ணின் வேலை. வழங்கல் விதி வேறுபட்டால் மட்டும் தனி வகை.

ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவும் தேவையான அனுமதி மட்டும். எல்லோரும் ஒரே தலைமைக் கணக்கில் வேலை செய்தால், யார் எதை அழித்தார் என்று பின்னால் சொல்ல முடியாது.

7. நூல் விவரங்களை ஏற்றுதல்

கோஹாவில் நூல் விவரம் வேறு, பிரதி விவரம் வேறு. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எல்லாம் ஒரு முறை. அதன் கீழே ஒவ்வொரு பிரதிக்கும் 952ஆம் புலத்தில் பார்கோடு, விலை, இடம். புதியவர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக நூல் விவரம் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் தேடினால் ஒரே நூல் ஐந்து தடவை வரும். ஏற்றும் முன் தேடு என்பதைப் பழக்கமாக்குங்கள்.

எல்லாப் புலங்களையும் நிரப்ப வேண்டாம். மொழி, பகுப்பு எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பதிப்பகம்-ஊர்-ஆண்டு, பக்கம், பொருள் தலைப்பு ஒன்றிரண்டு, இருந்தால் ஐஎஸ்பிஎன். இவை மட்டும் கொண்ட எளிய படிவம் ஒன்றை உருவாக்கி, மற்றவற்றை மறைத்துவிடுங்கள். நீளமான படிவத்தைப் பார்த்தே பலர் பயந்துபோகிறார்கள்.

ஆங்கில நூல்களுக்கு இசட்39.50 (வேறு நூலகங்களின் பட்டியலில் தேடி விவரம் எடுக்கும் முறை) வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற இடங்களிலிருந்து விவரத்தை இழுத்துக்கொள்ளலாம், நிறைய நேரம் மிச்சம். தமிழ் நூலுக்கு அந்த வழியை நம்பாதீர்கள். அங்கே தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலே கீழே குறிகளோடு இருக்கும். நம் வாசகர் யாரும் அப்படித் தேட மாட்டார். தமிழ் நூலை நூலைப் பார்த்தே அடிப்பதுதான் முடிவில் வேகம்.

ஏற்கெனவே எக்செலில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. பார்கோடு நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றாவிட்டால் முன் சுழியங்கள் போய்விடும். ஐஎஸ்பிஎன் 13 இலக்கமும் சுருங்கிப் புள்ளி வைத்த எண்ணாகிச் சேமிக்கப்பட்டால் கடைசி இலக்கங்கள் திரும்ப வராது. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, நூறு வரிகளைக் கண்ணால் படித்துப் பாருங்கள். அதன் பிறகு மார்க்எடிட் மென்பொருளில் மார்க் கோப்பாக்கி, கோஹாவில் முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, சரியென்றால் ஏற்றலாம். முதல் தடவை இருபது பதிவுகளோடு சோதியுங்கள்.

எந்த அலமாரியில் தொடங்குவது? அதிகம் போய்வரும் அலமாரியில். பெரும்பாலான ஊர்களில் நாவல், சிறுவர் நூல், போட்டித் தேர்வு நூல்கள்தான் அவை. எண் 1இலிருந்து வரிசையாகப் போனால், யாரும் தொடாத பழைய நூல்களில் முதல் மூன்று மாதம் கரையும். அதுவரை வாசகருக்குக் காட்ட எதுவும் இருக்காது.

தினமும் ஏற்றியதில் இருபதுக்கு ஒன்றை எடுத்து நூலோடு ஒப்பிடுங்கள். பிழை அதிகம் வரும் நாளில் அன்றைய வேலை முழுவதையும் பாருங்கள். மதியத்துக்கு மேல் பிழை கூடுவது தெரிந்தால், மதியத்தில் லேபிள் அச்சிடும் வேலையைக் கொடுங்கள்.

8. உறுப்பினர் பட்டியல்

பழைய பட்டியலை அப்படியே ஏற்றாதீர்கள். ஊரைவிட்டுப் போனவர்கள், காலமானவர்கள், இருபது ஆண்டாக வராதவர்கள் என்று பாதி இருக்கும். ஓர் அறிவிப்பு ஒட்டி, வருபவர்களை மட்டும் புதுப்பித்து ஏற்றுங்கள். காப்புத் தொகை கட்டிய பழைய உறுப்பினர் பட்டியலை மட்டும் தனியே பத்திரமாக வையுங்கள், நாளைக்குத் திருப்பிக் கேட்டு வரலாம்.

பெயர், முகவரி, கைபேசி எண், வகை, முடியும் தேதி, இவை போதும். முகவரிக்காக ஏதாவது ஓர் ஆவணத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஆதார் எண்ணை ஏற்றவோ நகலைக் கோப்பில் வைக்கவோ வேண்டாம். பாதுகாக்க முடியாத ஒன்றைச் சேகரிப்பதில் அர்த்தமில்லை. சிறுவர்களைப் பெற்றோர் கணக்கோடு இணைக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது. தொலைந்த நூலுக்கு யாரிடம் கேட்பது என்ற கேள்வி அதில் தீரும்.

யார் என்ன படித்தார் என்ற வரலாறு திருப்பித் தந்த பிறகும் கணினியில் தங்கும். அதை அவ்வப்போது பெயர் நீக்கிப் பதிவாக்கும் அமைப்பை இயக்குங்கள். சிறிய ஊரில் இது பெரிய விஷயம்.

9. மாற்று நாள்

கைப்பதிவும் கணினிப் பதிவும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் பொய்யாகும். அவசரத்தில் ஒன்றில் எழுதுவார்கள், மற்றதில் விடுவார்கள். அதனால் ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு முன் எல்லாம் அட்டையில், அதற்குப் பின் எல்லாம் கணினியில்.

எல்லா நூலும் ஏற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அதிகம் போய்வரும் அலமாரிகள் முடிந்தால் போதும். ஏற்றாத நூல் ஒன்று வழங்க வந்தால், வழங்கும் மேசையிலேயே தலைப்பும் பார்கோடும் மட்டும் கொடுத்து விரைவுப் பதிவு செய்யலாம். அது திரும்பி வரும்போது முழு விவரம் சேர்த்துவிடுங்கள். அதற்கென்று மேசைக்குப் பின்னால் ஒரு தட்டு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அரைகுறைப் பதிவோடு அலமாரிக்குப் போய்விடும்.

தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நூல்களைத் திருப்பச் சொல்லி அறிவியுங்கள். மாற்று நாளில் யாரிடம் நூல் இருக்கிறதோ அந்த அட்டைகளை மட்டும் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கும். குறைவாக இருந்தால் உங்களுக்கு நல்லது. தேர்வுக் காலத்தில் வைக்காதீர்கள். கூட்டம் குறைந்த வாரமாகப் பாருங்கள்.

முதல் மூன்று மாதம் அபராதத்தை நிறுத்தி வையுங்கள். விதியிலோ நாட்காட்டியிலோ பிழை இருந்தால் அது அபராதமாக வாசகர் தலையில் விழும், பழி கணினி மேல் விழும். நூலின் பின்னால் இருக்கும் தேதிச் சீட்டை எடுக்க வேண்டாம். பெரியவர்கள் அதைப் பார்த்துத்தான் திருப்புகிறார்கள்.

மின்தடைக்கு ஒரு நோட்டு: தேதி, உறுப்பினர் எண், பார்கோடு எண். மின்சாரம் வந்ததும் முதல் வேலை அதை ஏற்றி, ஏற்றிய வரியில் கோடு போடுவது.

10. காப்பு நகல்

கோஹா தினமும் தானாக நகல் எடுக்கும். ஆனால் எடுப்பது அதே கணினிக்குள். வட்டு போனால் நகலும் போகும். வாரம் ஒரு முறை வெளி வட்டில் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள், செயலாளர் வீடானாலும் சரி. உறுப்பினர் விவரம் அதில் இருப்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள்.

பலர் இதுவரை செய்வார்கள், அடுத்ததைச் செய்ய மாட்டார்கள்: அந்த நகலை வேறொரு கணினியில் மீட்டுப் பார்ப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை லினக்ஸ் நண்பரை வரவழைத்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெறும் கோப்பாக இருப்பது நகல்தானா என்று திறந்தால்தான் தெரியும்.

கோஹாவில் ஆண்டுக்கு இரண்டு புதிய பதிப்புகள் வரும், மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று. ஒவ்வொன்றையும் துரத்த வேண்டாம். மேம்படுத்தும் நாளில் முதலில் நகல், பிறகே மேம்பாடு. விடுமுறை நாளாக இருக்கட்டும்.

11. வாசகர் பக்கத்தைத் திறப்பது

தேடல் கணினியை வாசலுக்கு அருகில், நின்றபடி பயன்படுத்தும் உயரத்தில் வையுங்கள். திரையில் தமிழ் விசைப்பலகை தெரிய வேண்டும். தமிழில் தட்டத் தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். வாசகர் கைபேசியில் தமிழ் தட்டுவது சுலபம் என்பதால், நூலக வைஃபையில் தேடல் பக்கம் திறக்கும்படி ஒரு க்யூஆர் குறியை அலமாரிகளில் ஒட்டுவது இன்னும் பயன்படுகிறது. சர்வரை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவதைப் பாதுகாப்பு தெரிந்தவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஒரு கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானையும் ஹெட்ஃபோனையும் வையுங்கள். செலவில்லை, தமிழையும் படிக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வருவதில்லையே என்பார்கள். வந்தால் பயன்படுத்த எதுவும் இல்லாததால்தான் வருவதில்லை.

உங்களிடம் இல்லாத பழைய நூல்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் நிறுவனம் ஆகியவற்றின் இணைப்புகளைத் தேடல் பக்கத்தில் சேருங்கள். உங்கள் நூல்களை ஸ்கேன் செய்து போட ஆசை வரும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அதைக் கடந்தவை, நாட்டுடைமையானவை தவிர மற்றவற்றைத் தொடாதீர்கள்.

ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கும் சில்லு), தானியங்கி வழங்கல் இயந்திரம் எல்லாம் விற்க வருவார்கள். 15,000 நூலுக்கும் ஒரே வாசலுக்கும் அது தேவையில்லை. அந்தப் பணத்தில் இரண்டு பேருக்கு ஓர் ஆண்டுச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

12. ஓராண்டு கழித்து

மறுபடி இருப்புச் சரிபார்ப்பு. இந்த முறை கட்டத் தாள் வேண்டாம். மடிக்கணினியும் ஸ்கேனரும் எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போய், பார்கோடுகளை ஒரு வெற்று உரைக் கோப்பில், வரிக்கு ஒன்றாக ஸ்கேன் செய்யுங்கள். கோஹாவின் இருப்புச் சரிபார்ப்புக் கருவியில் அந்தக் கோப்பை ஏற்றினால் காணாதவை, இடம் மாறியவை, வெளியே போயிருப்பதாகப் பதிவாகி அலமாரியில் இருப்பவை என்று பட்டியல் வரும்.

மூன்றாவது பட்டியலை முதலில் பாருங்கள். அவை திருப்பி வாங்கும்போது ஸ்கேன் செய்யாமல் அலமாரிக்குப் போனவை. அது நீளமாக இருந்தால் வழங்கும் மேசையில் யாரோ அவசரப்படுகிறார்கள் என்று பொருள். காணாதவற்றை உடனே 'தொலைந்தது' என்று குறிக்காமல் மூன்று மாதம் விட்டு இன்னொரு முறை தேடுங்கள். சிறுவர் பகுதி நூல்கள் பெரும்பாலும் பெரியவர் அலமாரியின் அடித்தட்டில்தான் கிடைக்கும்.